அந்த வீட்டுக் குறி போட்ட சிவப்புச் சேலை

நீ கேட்ட பட்டியல் தயாராகிவிட்டது. அந்த வீட்டில் யார் யார் குடியிருந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று நீ கேட்டதற்கு மேலேயே விசாரித்துவிட்டேன். ஆனால் நீ சொன்ன மாதிரி போனில் படம் பிடித்து அனுப்ப எனக்குக் கை வரவில்லை. விசாரிக்கப் போய்ப் பதினைந்து நாளாகிறது. சோற்றில் கை வைத்தால் வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா இரண்டு தடவை தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள். அதனால் எழுதுகிறேன். உனக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். உன் பெண்டாட்டி திருச்சிக்காரி, கடகடவென்று படித்துச் சொல்லிவிடுவாள். அவளிடம் முதலில் கொடுக்காதே. நீயே எழுத்துக்கூட்டிப் படி. இது மெதுவாகப் படிக்க வேண்டிய சமாசாரம். அப்புறம் அவளும் படிக்கட்டும், உன் கூட்டாளிகளும் படிக்கட்டும், மட்டாஞ்சேரியில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நான் அந்தக் காரியத்தை நாலு பேர் முன்னால்தான் செய்தேன். ஒப்புக்கொள்வதை மட்டும் ஒட்டின கவருக்குள் வைக்க வெட்கமாக இருக்கிறது.

நீ பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, அந்தப் பழைய மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தாயிற்று, ஹோம்ஸ்டே நடத்தப் போகிறோம் என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. என் அப்பாவும் நானும் காலமெல்லாம் பின்வாசலில் நின்று அழுக்கு மூட்டை வாங்கிய வீடு அது. அதன் முன்வாசல் சாவி என் மகன் கையில்! சாயாக்கடையில் நாலு பேருக்கு என் செலவில் சாயா வாங்கிக் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள், அதுவே ஊருக்கு ஒரு செய்தி. மாடிப்படிச் சுவரில் பழைய குடும்பங்களின் பெயரையும் போட்டோவையும் சட்டம் போட்டு மாட்டப் போகிறோம், வருகிறவர்கள் ஆசையாகப் பார்ப்பார்கள், விசாரித்துத் தாருங்கள் என்றாய். ஒரு வீட்டைப் பற்றி அதில் இருக்கிறவனைவிடச் சலவைக்காரனுக்கு அதிகம் தெரியும், கவலையை விடு என்று நானும் சவடால் அடித்தேன். உன்னிடம் அப்படிச் சொன்னது நினைவிருக்கிறதல்லவா? அந்த வாயைத்தான் இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

நம்முடைய துறையில் துணிக்குக் குறி போடுவது உனக்குத் தெரியும். சேங்கொட்டைச் சாற்றைத் தொட்டு மூலையில் ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு வட்டம். நூறு வீட்டுத் துணி ஒன்றாக வெயிலில் கிடந்தாலும் குறியைப் பார்த்துப் பிரித்துவிடலாம். ஆனால் ஒரு விஷயம் உனக்குத் தெரிந்திருக்காது. மற்றவர்கள் குடித்தனம் மாறினால் குறியை மாற்றிவிடுவார்கள். என் அப்பா மாற்ற மாட்டார். அவர் கணக்கில் குறி வீட்டுக்கு, ஆளுக்கு இல்லை. பழையவர்கள் போய்ப் புதியவர்கள் வந்தாலும் அதே குறிதான் அந்த வீட்டுத் துணியில் விழும். எதற்கு மெனக்கெட்டுப் புதிதாக ஒன்றை மனப்பாடம் செய்வது என்பார். நானும் அப்படியே பழகினேன். நீ எடுத்திருக்கிற வீட்டின் குறி ஒரு வட்டம், அதற்குக் கீழே இரண்டு புள்ளி. என் காலத்தில் அங்கே இருந்தது இரண்டே குடும்பம்தான். முதலில் ஒரு குஜராத்திக் குடும்பம், ஹன்சாபென் வீடு. அவர்கள் காலி செய்துபோன பிறகு மிளகுத் தரகர் ஒருவரின் குடும்பம். அந்த இரண்டுக்கும் ஒரே குறி.

தரகர் குடும்பத்தைத் தேடுவது சுலபமாக இருந்தது. தரகரும் அவர் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மகள் பள்ளுருத்தியில் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். சின்ன வயதில் நான் கொண்டுவரும் சலவை மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து அம்மாவிடம் அடி வாங்கிய குழந்தை அவள். போட்டோ எடுத்துக் கொடுத்தாள், பெயர்களைச் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது பேச்சு வாக்கில், அந்த வீட்டைக் காலி செய்த நாளில் அம்மா அழுத அழுகையை மறக்கவே முடியாது என்றாள். வீட்டை விட்டுப் போகிற வருத்தமாக்கும் என்று நினைத்தேன். இல்லை. காலி செய்யும்போது பரணிலிருந்த மரப்பெட்டியின் அடியில், செய்தித்தாளுக்குள் சுருட்டி வைத்த ஒரு சிவப்புச் சேலை கிடைத்ததாம். அவளுடைய அப்பாவைப் பெற்றவளின் சேலை. எப்போதோ திருட்டுப் போய்விட்டது என்று அம்மா ஒரு வேலைக்காரப் பெண்ணை அடித்து விரட்டின அதே சேலை. அன்று அம்மா இரண்டு சிவப்புச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லையாம். பெட்டியில் கிடைத்தது ஒன்று, அந்தப் பெண்ணிடமிருந்து பிடுங்கினது ஒன்று. பிறகு இரண்டையும் யாருக்கோ கொடுத்துவிட்டு, இதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம்.

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. கையிலிருந்த பேனா கீழே விழுந்ததைக்கூடத் தரகர் மகள்தான் எடுத்துக் கொடுத்தாள். ஏனென்றால் அந்த வேலைக்காரப் பெண்ணைத் திருடி ஆக்கியது இவளுடைய அம்மா மட்டும் இல்லை. நானும்தான்.

நீ பிறப்பதற்கு ஒரு வருடம் முன்னால் நடந்தது. அந்தப் பெண் பெயர் பாக்கியம், இருபது வயது இருக்கும். நம் தமிழ் ஆட்கள்தான், அவள் அம்மா முனிசிபாலிட்டியில் தெருக்கூட்டும் வேலை பார்த்தாள். பாக்கியம் ஹன்சாபென்னிடம் அவர்களுடைய பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தவள். அவர்கள் போன பிறகு தரகர் வீட்டிலும் அப்படியே வேலைக்கு இருந்துவிட்டாள். எர்ணாகுளம் பிராட்வேயில் ஓட்டல் வேலை பார்த்த ஒரு பையனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். நான் ஒரு நாள் துணி எடுக்கப் போனால் பின்முற்றத்தில் கூட்டம். தரகர் வீட்டம்மாவுக்கு மாமியார் வழியில் வந்த சிவப்புச் சேலையைக் காணோமாம். பாக்கியத்தின் தகரப்பெட்டியைக் கொட்டிப் பார்த்ததில் ஒரு சிவப்புச் சேலை இருந்திருக்கிறது, மஞ்சள் கரை, உடம்பெல்லாம் மஞ்சள் பொட்டு. மாமியார் சேலையை அந்த அம்மா ஒழுங்காக ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை, சிவப்பு என்பது மட்டும்தான் தெரியும். பழைய வீட்டம்மா கொடுத்தது என்று பாக்கியம் அழுகிறாள். அந்த ஹன்சாபென்னோ பம்பாய்க்குப் போயாயிற்று, விலாசம்கூட யாரிடமும் இல்லை. நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தெருவில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். அந்த அம்மா சேலையை என் முன்னால் பிரித்துப் போட்டு, இது எந்த வீட்டுத் துணி, குறியைப் பார்த்துச் சொல் என்றாள்.

நான் கரையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு வட்டம், இரண்டு புள்ளி.

"இந்த வீட்டுத் துணிதான், அம்மா. எங்க குறி தப்பாது."

இதுதான் நான் சொன்னது. இதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது, தெரிகிறதா? குறி அந்த வீட்டுக் குறிதான். ஆனால் அந்தக் குறி ஹன்சாபென் துணியிலும் இருக்கும், இந்த அம்மா துணியிலும் இருக்கும், யாருடையது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். சொல்லியிருக்க வேண்டியவன் நான். அதைவிட மோசம், இன்னொன்றையும் என் கண் பார்த்தது. குறியின் விளிம்பு கசிந்து பழுப்படித்துப் போயிருந்தது. அது பல வருடம் துவைத்த துணி. தரகர் குடும்பம் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கண் பார்த்தது, மண்டையில் ஏறவில்லை. ஏறவில்லையா, நான் ஏறவிடவில்லையா என்று இந்தப் பதினைந்து நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாலு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிஷம் எனக்கு ருசித்தது, அதுதான் நிஜம். தினமும் பின்வாசலில் நிற்கிறவனை அன்றைக்கு நீதிபதி ஆக்கிவிட்டார்கள். நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு, பின்னால் அடி விழுகிற சத்தம் கேட்கக் கேட்க, சைக்கிளை மிதித்துப் போய்விட்டேன்.

உன் அம்மா அப்போதே கேட்டாள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தீர்களா, திருடினவள் முகமா அது என்று. உனக்கு என்னடி தெரியும் என்று எரிந்து விழுந்தேன். ஒரு வாரத்தில் பாக்கியத்தின் கல்யாணம் நின்றுவிட்டது, அவள் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு ஏலூர்ப் பக்கம் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதோடு மறந்தேன். சத்தியமாக மறந்துவிட்டேன், அதுதான் எனக்கே நம்ப முடியவில்லை. நீ ஏழாவது படிக்கும்போது உன் பையில் அடுத்த பையனின் ஜாமெட்ரி பாக்ஸ் இருந்தது என்று உன்னைக் கன்னத்தில் அறைந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டும் ஒரே கம்பெனிப் பெட்டி, பெஞ்சில் மாறிப்போய்விட்டது என்று மறுநாள் தெரிந்ததும் உனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். நீ ஒரு வாய் தின்னாமல் தட்டைத் தள்ளிவிட்டாய். அப்போதாவது எனக்கு அந்தச் சேலை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பள்ளுருத்தியிலிருந்து வந்த பிறகு எனக்கு இருந்த ஒரே ஆசை, அந்த இரண்டாவது சேலைக்கு வேறு ஏதாவது கதை இருக்க வேண்டும் என்பதுதான். எப்படிப்பட்ட ஆசை பார், அவள் திருடியாகவே இருந்துவிட மாட்டாளா என்று வேண்டிக்கொள்கிற அளவுக்குப் போய்விட்டேன். ஹன்சாபென் பம்பாயிலிருந்து திரும்பி வந்து இப்போது எர்ணாகுளத்தில் மகனோடு இருப்பதாக மட்டாஞ்சேரி குஜராத்திக் கடையொன்றில் சொன்னார்கள். போர்ட் கொச்சியில் போட் ஏறிப் போனேன். நல்ல வயதாகிவிட்டது, ஆனால் ஞாபகம் கத்தி. பழைய ஆல்பத்தைப் புரட்டி ஒவ்வொரு படமாகக் காட்டினாள். ஒரு படத்தில் அந்த வீட்டு மாடிப்படியில் அவள் நிற்கிறாள், கட்டியிருப்பது சிவப்புச் சேலை, மஞ்சள் கரை, மஞ்சள் பொட்டு. பக்கத்தில் அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாக்கியம், வாயெல்லாம் சிரிப்பு. ஹன்சாபென் தன்பாட்டில் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசிக்கொண்டே போனாள்.

"இந்தச் சேலைய இவளுக்குத்தான் கொடுத்தேன். கல்யாணம் பேசி ஒறப்பிச்சிருந்ததல்லோ, பாவம். கல்யாணத்துக்குக் கட்டினாளா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டினாள் என்று தலையாட்டினேன். அந்த வயதிலும் அவள் முகம் மலர்ந்துபோனது. படத்தை ஆல்பத்திலிருந்து கழற்றி என் கையில் கொடுத்து, உன் மகனை அந்த வீட்டுச் சுவரில் மாட்டச் சொல் என்றாள். திரும்பி வரும்போது போட் கரை சேர்ந்து எல்லாரும் இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன், கயிறு கட்டுகிற ஆள் வந்து, "சேட்டா, இறங்குந்நில்லே?" என்று கேட்ட பிறகுதான் எழுந்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நான் அன்றைக்கே சொன்னேனே என்றுகூடச் சொல்லவில்லை. முதலில் அந்தப் பெரியம்மாவிடம் சொன்ன பொய்யைத் திரும்ப எடுங்கள், அப்புறம் ஏலூருக்குப் போங்கள் என்றாள். போன் செய்தேன். ஹன்சாபென் கடைசிவரை கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் இன்றுவரை எடுக்கவில்லை.

பாக்கியத்தின் அம்மாவோடு வேலை பார்த்த ஒரு கிழவி விலாசம் சொன்னாள். ஏலூரில் லாரிகள் நிற்கிற இடத்தில் பாக்கியம் சின்ன மெஸ் வைத்திருக்கிறாள். கப்பைக் கிழங்கும் மீன்கறியும். பின்னால் ஒரே அறையில் வீடு. கல்யாணம் வெகு நாள் கழித்து நடந்திருக்கிறது, புருஷன் தவறிவிட்டார், ஒரு மகள், பிராட்வேயில் துணிக்கடையில் வேலை. என்னைப் பார்த்ததும், சலவைக்கார அண்ணாவா என்றாள். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டியில் கிடைத்த சேலை, வீட்டுக்குப் போடுகிற குறி, பழுப்படித்த விளிம்பு, எல்லாவற்றையும். படத்தைக் கொடுத்தேன். அவள் கப்பைக்குத் தோல் உரிப்பதை நிறுத்தி வெகுநேரம் அதைப் பார்த்தாள். என் மகன் அந்த வீட்டைத் திறக்கிற அன்று நீ முன்வாசல் வழியாக வரணும், தெரு முழுக்கக் கூட்டி அவர்கள் முன்னால் சொல்கிறேன், சுவரில் முதல் பெயர் உன் பெயர்தான் என்றேன். அவள் தலையை அசைத்து மறுத்தாள்.

"அந்தத் தெருவுல இப்ப யாரண்ணா இருக்கா? எங்க அம்மைகிட்டச் சொல்லியிருக்கணும். போன கர்க்கடகம் வரைக்கும் இருந்தா. நான் எந்த வீட்டு வேலைக்குப் போய்ட்டு வந்தாலும் என் பையத் தொறந்து பாப்பா. ஒண்ணும் பேச மாட்டா. பாத்துட்டு மூடி வெச்சிருவா. சாகிற வரைக்கும் அப்படித்தான்."

போன கர்க்கடகம், நம் ஆடி மாதம். ஒரு வருடம்கூட ஆகவில்லை. நீ இந்த வீட்டைப் போன வருடம் எடுத்திருந்தால், நான் போன வருடம் விசாரிக்கப் போயிருந்தால் என்று என் மனசு கணக்குப் போட்டது. எனக்கு அப்போதுதான் உட்கார வேண்டியிருந்தது. அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் நெனச்சதில்ல. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் பின்வாசல்லயே நின்னேன். அது பழைய வீட்டம்மா சேலைன்னு உங்களுக்கு ஓர்மை வந்து திரும்பி வருவீங்கன்னு."

பிறகு, சொல்லித்தான் ஆகணும் என்றால் என் மகளிடம் சொல்லுங்கள், வேறு யாரும் வேண்டாம் என்றாள். மகளுக்கும் அவள் பாட்டி அந்தத் திருட்டுக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அறையில் ஒரே ஒரு இரும்பு அலமாரி. அந்தப் பெண் வேலைக்குப் போகும்போது அதைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துப் போய்விடுவாளாம். ஏன் என்று ஒரு தடவை கேட்டதற்கு, வெறுதே, சும்மா ஒரு பழக்கம் என்றாளாம். அதற்குப் பிறகு தாய் கேட்கவில்லை.

அந்தப் பெண் வந்ததை எழுதுவதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னால் எழுத முடியாது. பெயர்கள் தனித் தாளில் இருக்கின்றன. மாட்டுவதும் மாட்டாததும் உன் இஷ்டம். பாக்கியம் வேண்டாம் என்றுவிட்டாள், அவள் பெயர் மட்டும் அங்கே வேண்டாம். ஆனால் நீ ஹோம்ஸ்டே நடத்தப் போகிறாய். படுக்கை விரிக்க, பாத்திரம் கழுவ, ஏழைப்பட்ட ஒரு பெண்ணை வேலைக்கு வைப்பாய். என்றைக்காவது ஒரு விருந்தாளி வாட்ச் காணோம், செயின் காணோம் என்று நிற்பான். எல்லாரும் உன் வாயைப் பார்ப்பார்கள். அப்போது உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதே. உனக்கு என்ன தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல், அதுவும் அந்த இடத்திலேயே, எல்லார் காதிலும் விழும்படி. நான் படித்த படிப்பு இவ்வளவுதான். அதற்குக் காசு கட்டினவள் பாக்கியம்.

அந்தப் பெண் ஆறு மணிக்கு மேல் பஸ்ஸில் வந்தாள். நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் உனக்குத் தங்கை ஆகிற வயது. அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பயந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் எழுந்து நின்று, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். படத்தை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சேலையைப் பார்த்தாள், இடுப்பில் பிள்ளையோடு சிரிக்கிற தன் அம்மாவைப் பார்த்தாள்.

"அப்ப அம்மா எடுக்கலையா?"

"எடுக்கல மோளே. அது உங்க அம்மாவோட சேலை."

அவள் தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து துழாவிச் சாவியை எடுத்தாள். உள்ளே போய் அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, சாவியைத் தன் அம்மா முன்னால், கப்பைத் தோல் குவிந்து கிடந்த பலகையில் வைத்தாள். பாக்கியம் அதை எடுக்கப் போனாள். நின்று, கப்பை மண் ஒட்டின கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.